தனியாக நடப்பவருக்கு ஒரு கூடாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இமயமலைப் பக்கம் முதுகுப்பையோடு தனியாக நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் கூடாரத்தைப் பற்றியவை. ஒரே பதிலைப் பலருக்கும் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவைக்கிறேன். இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட், லடாக் ஆகிய இடங்களில், ஜூன் முதல் அக்டோபர் தொடக்கம் வரை, 3,000 மீட்டருக்கும் 5,000 மீட்டருக்கும் இடையே இரவு தங்குகிற ஒருவரை மனத்தில் வைத்து எழுதியது இது. பனிக்காலப் பயணத்துக்கு இதில் பெரும்பகுதி பொருந்தாது.

இருவர் கூடாரம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதையே கொண்டுபோனால் என்ன?

கொண்டுபோகலாம். முதல் பயணத்துக்கு அதுவே போதும். ஆனால் இரண்டு பேர் போகும்போது ஒருவர் துணியைச் சுமப்பார், மற்றவர் கம்பிகளைச் சுமப்பார்; இரண்டரைக் கிலோ கூடாரம் ஆளுக்கு ஒன்றேகால் கிலோவாகிவிடும். தனியாகப் போனால் இரண்டரையும் உங்கள் தோளில்தான். ஒரே தரத்தில் எடுத்துக்கொண்டால் ஒருவர் கூடாரத்துக்கும் இருவர் கூடாரத்துக்கும் பெரும்பாலும் அரைக் கிலோவுக்குள்தான் வித்தியாசம். எடையைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இடம். மலைச்சரிவில் சமமான தரை கயிற்றுக்கட்டில் அளவுக்குத்தான் கிடைக்கும். அதில் இருவர் கூடாரத்தை விரித்தால் ஒரு மூலை பள்ளத்திலோ பாறைமீதோ போய் நிற்கும்.

அதே சமயம், ஆறடி உயரமும் அகன்ற தோளும் உள்ளவர், மழையில் ஒரு நாள் முழுக்க உள்ளேயே அடைந்துகிடந்தால் மூச்சுமுட்டும் என்கிறவர், இருவர் கூடாரங்களில் இலேசான ஒன்றைத் தேடுவது நல்லது. 'ஒருவர்', 'இருவர்' என்பதெல்லாம் தோளோடு தோள் இடிக்க ஆட்களைக் கிடத்திப் பார்த்துத் தயாரிப்பாளர் போட்ட கணக்கு. அதற்குக் கட்டுப்பட வேண்டிய அவசியமில்லை.

எடை எவ்வளவு இருக்கலாம்?

உறையில் பெரும்பாலும் இரண்டு எடைகள் போட்டிருப்பார்கள். சிறிய எண்ணில் உள்கூடாரம் (நாம் படுக்கும் பகுதி), வெளிக்கூரை (அதன்மேல் மழைக்காகப் போடும் துணி), கம்பி ஆகிய மூன்று மட்டும் அடங்கும். பெரிய எண்ணில் முளைகள், இழுகயிறுகள், பைகள் எல்லாம் சேரும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருவது சிறிய எண். மலையில் நீங்கள் சுமப்பது பெரிய எண். இரண்டுக்கும் இடையே இருநூறு, முந்நூறு கிராம் சர்வசாதாரணமாக வேறுபடும். வாங்கியதும் நீங்களே நிறுத்துப் பாருங்கள். பழைய பேப்பர் வாங்குகிறவர் வைத்திருக்கும் கொக்கித் தராசு போதும்.

நடைக்கு எடுத்துப்போகும் ஊன்றுகோல்களையே தூணாக வைத்து நிறுத்தும் வகை 600 முதல் 900 கிராம் வரை இருக்கும். சொந்தக் கம்பி உள்ளவை ஒரு கிலோவிலிருந்து ஒன்றரைக் கிலோ வரை. புயல் காற்றைத் தாங்கும்படி செய்தவை அதற்கும் மேலே. என்னுடைய எல்லைக்கோடு எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோ. ஒரு கிலோவுக்குக் கீழே இறங்க இறங்க ஒவ்வொரு நூறு கிராமுக்கும் கொடுக்கும் பணம் கூடிக்கொண்டே போகும். அந்த நூறு கிராமுக்காக ஆயிரக்கணக்கில் செலவழிப்பவரின் பையைப் பிரித்தால் உள்ளே இரண்டாவது ஜீன்ஸ் கிடக்கும்.

தானே நிற்கிற கூடாரமா, முளை அடித்தால்தான் நிற்கிறதா? எது வேண்டும்?

இந்தக் கேள்விக்கு ஊரைப் பொறுத்துப் பதில் மாறும். கம்பிகளைக் கோத்தவுடன் கவிழ்த்த கூடைபோல் தானே நிற்பது ஒரு வகை. தலைப்பக்கம் மட்டும் நின்று, கால்பக்கத்து மூலைகளுக்கு முளை கேட்பது இரண்டாவது. ஊன்றுகோலையும் முளைகளையும் மட்டுமே நம்பி நிற்பது மூன்றாவது. எடையில் மூன்றாவதற்கு நிகரில்லை. இமாசலத்தின் குலு பள்ளத்தாக்குப் புல்வெளியில் அதன் முளைகள் வாழைத்தண்டில் இறங்குவதுபோல் இறங்கும்.

லடாக்கில் கதை வேறு. மார்க்கா பள்ளத்தாக்கின் மேல்முனையில் கோங்மாரு கணவாய்க்கு முந்தைய தங்குமிடம் நிமாலிங். ஏறத்தாழ 4,800 மீட்டர் உயரம், திறந்த வெளி. நான் போய்ச் சேர்ந்தபோது மாலை நான்கு மணி, காற்று கிளம்பிவிட்டது. முதல் முளையைக் கல்லால் தட்டினேன், இரண்டு விரற்கடை இறங்கி நின்றது. ஓங்கித் தட்டினேன், கேள்விக்குறிபோல் வளைந்துவிட்டது. எட்டு முளைகளில் மூன்றுதான் மண்ணுக்குள் போயின. மிச்சத்துக்குக் கல்தான். இழுகயிற்றின் நுனியில் கண்ணி போட்டு, கண்ணிக்குள் கைக்கு அடக்கமான ஒரு சிறுகல்லை மாட்டி, அதற்கு முன்னால், கூடாரத்தின் பக்கமாக, கயிற்றின்மேல் பெரிய கல்லைத் தூக்கிவைக்க வேண்டும். காற்று இழுக்கும்போது சிறுகல் போய்ப் பெரிய கல்லில் முட்டி நின்றுகொள்ளும். பெரிய கல்லில் நேரடியாகச் சுற்றிக் கட்டினால் அதன் விளிம்பில் உராய்ந்து விடிவதற்குள் கயிறு அறுந்துவிடக்கூடும். இப்படி ஐந்து இடத்தில் கல் சுமந்து முடித்தபோது, அந்த உயரத்தில் ஐந்து மாடி ஏறியதுபோல் மூச்சு வாங்கியது.

ஆகவே லடாக், ஸ்பிதி போன்ற வறண்ட கல்தரைக்குத் தானே நிற்பதையோ பாதி நிற்பதையோ தேர்ந்தெடுங்கள். தானே நிற்கிறது என்பதற்காக முளை அடிக்காமல் விட்டுவிடாதீர்கள். ஆள் இல்லாத கூடாரம் காற்றில் பட்டம்தான்.

ஒற்றை ஆளாகக் காற்றில் எப்படி நிறுத்துவது?

கடையில் யாரும் கேட்காத கேள்வி இது. என்னைக் கேட்டால், கூடாரம் தேர்வில் இதுதான் முதல் கேள்வி. துணையோடு போனால் ஒருவர் துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வார், மற்றவர் கம்பியைச் செருகுவார். தனியாகப் போகிறவருக்கு மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லை. அந்த இரண்டாவது ஆளின் வேலையைக் கூடாரத்தின் அமைப்பே செய்ய வேண்டும்.

நான் செய்கிற முறை: முதுகுப்பையில் கூடாரத்தை எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருப்பேன். துணியை வெளியே எடுப்பதற்கு முன்பே இரண்டு முளைகள் கால்சட்டைப் பையில் இருக்கும். காற்று வரும் திசையில் கால்பக்கத்தை வைத்து, அந்த மூலைகள் இரண்டையும் முதலில் முளையடித்துவிட்டுத்தான் மிச்சத் துணியைப் பிரிப்பேன். பிரித்த துணிமேல் முதுகுப்பை உட்காரும். அதுதான் என் இரண்டாவது ஆள். பிறகு கம்பி, அதன் பிறகு மற்ற மூலைகள். வெளிக்கூரையையும் காற்றுப்பக்கத்திலிருந்தே மாட்டிக்கொண்டு வர வேண்டும்; மறுபக்கத்திலிருந்து தொடங்கினால் அது கையைவிட்டுப் பறந்துவிடும்.

எனக்குப் பறந்திருக்கிறது. இமாசலத்தில் ஹம்ப்டா கணவாய்க்குக் கீழே பாலு கா கேரா என்ற தங்குமிடத்தில் ஆலங்கட்டி மழை தொடங்கிய நேரம். விரல்கள் மரத்துப்போயிருந்தன. பக்கிளை மாட்டுவதற்காகக் கையுறையைக் கழற்ற ஒரு கையை எடுத்தேன், அவ்வளவுதான். வெளிக்கூரை நாற்பது அடி தள்ளி ஒரு பாறையில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தப் பாறை இல்லாவிட்டால் ஓடையோடு போயிருக்கும். அதற்குப் பிறகு எந்தக் கூடாரத்தைப் பார்த்தாலும் முதலில் அதன் கொக்கிகளைக் கையுறை போட்ட கையால் மாட்டிப் பார்க்கிறேன். கடைக்காரர் வேடிக்கை பார்ப்பார். பார்க்கட்டும்.

வாங்கிய பிறகு வீட்டில் குறைந்தது ஐந்து முறை நிறுத்திப் பழகுங்கள். மொட்டைமாடியில் முளை அடிக்க முடியாது. செங்கல்லும் தண்ணீர்க் குடமும் போதும். கடைசி முறை இருட்டில், தலைவிளக்கு வெளிச்சத்தில் செய்யுங்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்தால் நீங்கள் தயார்.

மழை பெய்யும்போது நிறுத்தினால் உள்ளே நனையாதா?

பல கூடாரங்களில் உள்கூடாரத்தை முதலில் நிறுத்தி, அதன்மேல் வெளிக்கூரையைப் போட வேண்டும். அந்த இரண்டு நிமிட இடைவெளியில் கொசுவலை வழியாக மழை நேரே படுக்கும் இடத்தில் இறங்கும். வெளிக்கூரையை முதலில் நிறுத்தி, அதன் அடியில் உட்கார்ந்து உள்கூடாரத்தைத் தொங்கவிடும் அமைப்பும் உண்டு. ஸ்வீடனின் ஹில்லபெர்க் நிறுவனக் கூடாரங்களில் இரண்டும் ஒன்றாகவே கோத்திருப்பதால் அந்தக் கவலையே இல்லை. ஜூலை, ஆகஸ்டில் இமாசலத்திலோ உத்தராகண்டிலோ நடப்பவருக்கு இது பெரிய வசதி. மழைமறைவுப் பிரதேசமான லடாக்குக்கு மட்டும் போகிறவர் இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

ஒற்றைத் துணியா, இரட்டைத் துணியா? காலையில் உள்ளே ஈரமாக இருப்பது ஏன்?

என் முதல் கூடாரத்தில் இரண்டாம் நாள் காலை கண் விழித்தபோது மூக்கில் சொட்டு விழுந்தது. இரவு மழையே இல்லை. கூடாரம் ஒழுகுகிறது என்று முடிவுகட்டி, ஊர் திரும்பியதும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். பாவம், அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது உங்கள் மூச்சு, சார்" என்றார்.

உண்மைதான். தூங்கும்போது மூச்சிலும் தோலிலுமாக ஒரு டம்ளர் தண்ணீருக்குக் குறையாமல் ஆவியாக வெளியேறுகிறது. அது மேலே போய்க் குளிர்ந்த துணியில் பட்டதும் துளித்துளியாகப் படிகிறது. எந்தக் கூடாரமும் வியர்க்கும். வியர்வை உங்கள்மேல் படுகிறதா என்பதுதான் கேள்வி. இரட்டைத் துணி அமைப்பில் வெளிக்கூரையின் உட்புறம் வியர்க்கும். நடுவே வலை இருப்பதால் ஸ்லீப்பிங் பேக் அதைத் தொடாது. உள்கூடாரமே இல்லாத ஒற்றைத் துணியில் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் தோள் ஈரத்தைத் துடைத்து எடுத்துக்கொள்ளும். இறகு அடைத்த ஸ்லீப்பிங் பேக் நனைந்தால் சூடு தராது என்பதால் குளிர்ப்பகுதியில் இது சின்ன விஷயம் இல்லை.

எடைக்காக ஒற்றைத் துணியைத் தேர்ந்தெடுக்கிறவர்களை நான் தடுப்பதில்லை. வறண்ட லடாக்கில் அது பெரிதாகத் தொந்தரவு செய்யாது. மழைக்காலக் குலுவில் தொந்தரவு செய்யும். எந்தக் கூடாரமானாலும் காற்றுத்துளைகளை மூடாதீர்கள். குளிருகிறது என்று எல்லாவற்றையும் இழுத்து மூடினால் அடுத்த நாள் நனைந்த படுக்கையைச் சுமப்பீர்கள். ஓடைக்கரையை விட்டுக் கொஞ்சம் மேடான இடமாகப் பாருங்கள். மரம் இருந்தால் அதன் அடி இன்னும் நல்லது. நனைந்த சாக்ஸைத் தலைமாட்டில் காயப்போடாதீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே போகும் இரவுகளில் இந்த ஈரம் உறைந்து படிந்திருக்கும். காலையில் கூடாரத்தைத் தட்டினால் உள்ளேயே பனி பொழியும். ஒரு பழைய பருத்தித் துண்டை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள்.

'3,000 மி.மீ. நீர்த்தடுப்பு' என்று போட்டிருக்கிறதே, அது என்ன அளவு?

துணியை விரித்து அதன்மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். துணி கசியத் தொடங்கும்போது தண்ணீர் எத்தனை மில்லிமீட்டர் உயரம் நிற்கிறதோ அதுதான் அந்த எண். மழைத்துளி கொடுக்கும் அழுத்தம் அவ்வளவு பெரிதில்லை. நல்ல கூரைத்துணிக்கு 1,200 முதல் 2,000 வரை இருந்தாலே தாங்கும். தரைத்துணி விஷயம் வேறு. ஈரமண்ணின்மேல் உங்கள் முழங்கை ஊன்றும் இடத்தில் அழுத்தம் பல மடங்கு. அதனால் தரைக்கு 3,000 அல்லது அதற்கு மேல் பாருங்கள். 10,000 என்று போட்டிருப்பதற்காக மயங்க வேண்டாம். தண்ணீர் பெரும்பாலும் துணி வழியாக வருவதில்லை, தையல் வழியாக வருகிறது. உள்பக்கம் தையல்மேல் நாடா ஒட்டியிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள். சிலிக்கோன் பூசிய துணியில் நாடா ஒட்டாது. அதற்கென்று விற்கும் சிலிக்கோன் பசையை நீங்களே தையலில் தடவிக் காயவைக்க வேண்டும். சில நிறுவனங்கள் தடவியே அனுப்புகின்றன. கேட்டுக்கொள்ளுங்கள்.

நைலானா, பாலியஸ்டரா? டெனியர் என்றால்?

9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறதோ அத்தனை டெனியர். 20 டெனியர் துணி என்றால் ஒன்பது கிலோமீட்டர் தூரம் நீளும் நூலின் எடை வெறும் 20 கிராம். அவ்வளவு மெல்லியது. 15 முதல் 40 வரை ஒருவர் கூடாரங்களில் சாதாரணம். 15 டெனியர் தரையைக் கூர்மையான சரளைக்கல்மேல் விரிப்பதற்கு மனத்தைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும்.

நைலான் உறுதியானது, ஆனால் நனைந்தால் தொய்யும். மாலையில் மத்தளம்போல் இழுத்துக் கட்டியது நள்ளிரவில் பழைய கட்டில் கயிறுபோல் தொங்கும்; மழையில் எழுந்துபோய்த் திரும்ப இழுத்துவிட வேண்டியிருக்கும். பாலியஸ்டர் தொய்வதில்லை, வெயிலையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். டைனீமா என்ற மூன்றாவது வகை தண்ணீரைக் குடிப்பதே இல்லை, தொய்வதும் இல்லை, காகிதம்போல் இலேசு. விலை மட்டும் இலேசாக இல்லை: வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் ஐம்பதாயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். நான் பாலியஸ்டர் கட்சி.

எனக்கு 5 அடி 11 அங்குலம். நீளம் போதுமா?

உறையில் 210 செ.மீ. என்பதுபோல் போட்டிருக்கும் எண் தரையின் நீளம். கால்பக்கமும் தலைப்பக்கமும் துணி சரிந்து இறங்குவதால் காற்றுப்பாயின் தடிமனுக்கு மேலே படுத்திருக்கும் உங்களுக்குக் கிடைக்கும் நீளம் அதைவிடக் குறைவு. ஸ்லீப்பிங் பேக்கின் கால்நுனி துணியில் முட்டினால் காலையில் அது ஈரமாக இருக்கும். உங்கள் உயரத்தோடு 35 செ.மீ. சேர்த்துத் தேடுங்கள்.

அகலத்துக்கு ஒரு எளிய சோதனை: வீட்டுத் தரையில் சாக்பீஸால் கூடாரத்தின் அளவுக்குக் கோடு போட்டு, அதற்குள் உங்கள் பாயை விரித்து, ஒரு இரவு கோட்டைத் தாண்டாமல் தூங்கிப் பாருங்கள். உயரத்துக்கு, சம்மணமிட்டு உட்கார்ந்து தரையிலிருந்து உச்சந்தலை வரை அளந்துகொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 90 செ.மீ. சுமார் வரும். உச்சி 100 செ.மீ. இருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து சட்டை மாற்றலாம். அந்த உச்சி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள். சிலவற்றில் கால்மாட்டுக்கு மேலே கூம்பி நிற்கும், உட்காரும் இடத்தில் தலை இடிக்கும்.

வாசல் முன்னால் இருப்பது நல்லதா, பக்கவாட்டிலா?

பக்கவாட்டில். முன்பக்க வாசலுள்ள கூடாரத்துக்குள் தவழ்ந்து போய், உள்ளேயே திரும்பி, பிறகு வெளியே தலை நீட்ட வேண்டும். இரவில் சிறுநீர் கழிக்க மூன்று முறை எழுகிறவருக்கு (உயரத்தில் எல்லோரும் எழுவார்கள்) இது தண்டனை. முன்பக்க வாசலால் நூறு கிராம் மிச்சமாகும் என்பதால் சிலர் அதை விரும்புகிறார்கள்.

வாசலுக்கு வெளியே வெளிக்கூரை மூடும் சிறு இடம் ஒன்று இருக்கும். நான் அதைத் திண்ணை என்பேன். பூட்ஸும் முதுகுப்பையும் அங்கே இருக்க வேண்டும். ஒருவர் கூடாரத்துக்குள் முதுகுப்பைக்கு இடம் கிடையாது. திண்ணை அரைச் சதுர மீட்டருக்குக் குறைந்தால் வாங்க வேண்டாம்.

அந்தத் திண்ணையில் அடுப்பு பற்றவைக்கலாமா?

வேண்டாம். நைலான் தீப்பிடித்தால் உருகித் தோலில் ஒட்டும். மூடிய இடத்தில் எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது. தலைவலி வந்தால் உயரத்தால் வந்ததென்று நினைத்துப் படுத்துவிடுவீர்கள். உங்களை உலுக்கி எழுப்பப் பக்கத்தில் ஆளும் இல்லை. வெளியே, ஒரு பாறை மறைவில் சமையுங்கள். மழை விடாவிட்டால் அவலில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

மூன்று பருவக் கூடாரம், நான்கு பருவக் கூடாரம்: நமக்கு எது?

மூன்று பருவம், அதாவது பனிக்காலம் தவிர்த்த மாதங்களுக்கானது. நான்கு பருவக் கூடாரம் பனிச்சுமையையும் பலத்த காற்றையும் தாங்கச் செய்தது. அது உங்களைச் சூடாக வைத்திருக்கும் என்பது தவறான நம்பிக்கை. சூடு ஸ்லீப்பிங் பேக்கிலும் தரைப்பாயிலும் இருக்கிறது. ஆனால் ஒன்று கவனியுங்கள். உள்கூடாரம் முழுக்க வலையாக இருந்தால் லடாக்கின் புழுதி இரவெல்லாம் சலித்து உங்கள் முகத்தில் இறங்கும். கீழ்ப்பாதி துணியும் மேல்பாதி வலையுமாக இருப்பது நம் மலைகளுக்கு ஏற்றது.

நிறம்?

உள்ளே வெளிச்சம் இதமாக இருக்க மஞ்சள். தூரத்திலிருந்து தேடுகிறவர் கண்ணில் பட ஆரஞ்சு. நான் சாம்பல் நிறத்தில் வைத்திருக்கிறேன்; தள்ளுபடியில் அதுதான் கிடைத்தது.

அடியில் தனி விரிப்பு அவசியமா?

மெல்லிய தரைத்துணிக்கு அவசியம். நிறுவனம் அதற்கென்று விற்பதை வாங்க வேண்டாம். ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் பாலிதீன் விரிப்பு போதும். கூடாரத்தின் தரையைவிட நான்கு விரற்கடை உள்ளே இருக்கும்படி வெட்டுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரையில் வழியும் மழையை வாங்கி உங்கள் முதுகுக்கடியில் குளம் கட்டிவிடும்.

இணையத்தில் 2,000 ரூபாய்க்குக் கூடாரம் வருகிறதே?

வருகிறது. அதன் கம்பி ஃபைபர் கிளாஸ். குளிரில் அழுந்தினால் சிம்பு சிம்பாகப் பிளந்து, துணியையும் கிழித்து, கையிலும் ஏறும். வெளிக்கூரை உச்சியில் மட்டும் தொப்பிபோல் இருக்கும். சாய்ந்த மழையில் பயனில்லை. எடை இரண்டு கிலோவுக்கு மேல். கடற்கரையில் குழந்தைகளோடு ஒரு மாலை உட்கார நல்ல பொருள். மலைக்கு அலுமினியக் கம்பி கட்டாயம். 7001 அல்லது 7075 என்ற உலோகக் குறியீடு இருந்தால் நம்பலாம். கூடவே விரல் நீளத்தில் ஒரு குழாய் கொடுத்திருப்பார்கள். அதைத் தூக்கிப் போடாதீர்கள். கம்பி முறிந்தால் முறிவின்மேல் நுழைத்து ஒட்டுப்போட அதுதான் கட்டு.

எந்த நிறுவனத்துக் கூடாரம் வாங்கலாம்?

ஒரே பெயரைச் சொல்லி முடிக்க முடியாது. கடையில் தொட்டுப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பவருக்கு டெக்கத்லான் விளையாட்டுப் பொருள் கடைகள் எளிது. சீனாவின் நேச்சர்ஹைக் நிறுவனத்தின் கிளவுட் அப் வரிசை விலைக்கு நல்ல பொருள்; வாசல் முன்பக்கம் என்பது என் குறை. இரண்டு ஊன்றுகோல்களோடு நடக்கிறவருக்கு டர்ஸ்டன் எக்ஸ்-மிட் அருமையான அமைப்பு: பாலியஸ்டர் துணி, பக்கவாசல், கூரையை முதலில் நிறுத்தலாம். 1995-இல் வந்த ஹில்லபெர்க் ஆக்டோ ஒற்றைக் கம்பியில் நின்றுகொண்டு இன்னமும் விற்பனையில் இருக்கிறது. எடையும் விலையும் கூடுதல், காற்றில் அதன் பெயர் பெரிது. மேலே சொன்ன சோதனைகளை வைத்துப் பாருங்கள். கையுறைச் சோதனையை மறக்காதீர்கள்.

வாடகைக்குக் கிடைக்காதா?

மணாலியிலும் லேயிலும் கிடைக்கும். பெரும்பாலும் இருவர், மூவர் கூடாரங்கள்தான். கடை வாசலிலேயே முழுதாக நிறுத்திப் பார்த்து, முளைகளை எண்ணி, ஜிப்பைப் பத்து முறை ஓட்டிப் பார்த்து வாங்குங்கள். மார்க்கா பள்ளத்தாக்குக்கு மட்டும் போகிறவர் கூடாரமே இல்லாமலும் போகலாம். வழியில் உள்ள ஊர்களில் வீடுகளிலேயே தங்க இடமும் சாப்பாடும் தருகிறார்கள்.

விரும்பிய இடத்தில் கூடாரம் அடிக்கலாமா?

முடியாது. உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 ஆகஸ்டில் புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்தது. ஆகவே அங்கே புறப்படும் ஊரின் வனத்துறை அலுவலகத்தில் நடப்பு விதியைக் கேட்டுவிட்டே நடக்க வேண்டும். தமிழ்நாட்டுக் காடுகளில் இந்தக் கூடாரத்துக்கு வேலையே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பற்றிய காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு விதிகள் இறுகின. இப்போது அரசு திறந்திருக்கும் பாதைகளில் முன்பதிவு செய்து, வழிகாட்டியோடுதான் போக முடியும். அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போவதே குற்றம்.

இன்னொன்று, தனியாகப் போகிறவர்கள் ஆர்வக்கோளாறில் செய்வது: அவசரச் செய்தி அனுப்பும் சாட்டிலைட் கருவியை வெளிநாட்டிலிருந்து வாங்கி வருவது. இந்தியாவில் அனுமதியின்றி அதை வைத்திருந்தால் கைதாகலாம். போகும் பாதையையும் திரும்பும் தேதியையும் எழுதி வீட்டில் ஒருவரிடமும், புறப்படும் ஊரில் தேநீர்க்கடைக்காரரிடமும் கொடுத்துவிட்டுப் போவது என் வழக்கம்.

விமானத்தில் கொண்டுபோக முடியுமா?

முளைகளும் கம்பிகளும் கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவைத்துவிடுவார்கள். சரக்குப் பையில் போட்டுவிடுங்கள். அடுப்புக்கான எரிவாயு உருளை இரண்டிலும் கூடாது, ரயிலிலும் கூடாது. போய்ச் சேர்ந்த ஊரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்த பிறகு எப்படி வைத்திருப்பது?

காயவைத்து. நிழலில், காற்றில், முழுக்க. தையல் மடிப்புகள் வரை. வெயிலில் நாள்கணக்கில் விட்டால் நைலான் நைந்துபோகும். துணி துவைக்கும் பவுடரும் வாஷிங் மெஷினும் கூடாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஜிப்பில் புழுதி ஏறியிருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்த்துவிடுங்கள். ஜிப்பில் இழுத்து நகர்த்தும் துண்டு நகர்ந்தும் பல் சேராவிட்டால் அந்தத் துண்டின் இரு பக்கத்தையும் குறட்டால் இலேசாக நெருக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சிறிய பைக்குள் அடைத்துப் பரணில் ஏற்றிவிடாதீர்கள். கடலோர ஊர்க்காரர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். தண்ணீர் புகாமலிருக்கத் துணியில் பூசும் பாலியூரிதேன் பூச்சு ஈரக்காற்றில் மெல்லச் சிதையும். என் முதல் கூடாரத்தைச் சென்னையில் இரண்டு ஆண்டு பரணில் விட்டுவிட்டுப் பிரித்தபோது துணி துணியோடு பலாப்பாலில் முக்கியதுபோல் ஒட்டிக்கிடந்தது. பிரிக்கப் பிரிக்கப் புளித்த வாந்தி நாற்றம். அந்த நிலைக்கு வந்த பிறகு பூச்சை மீட்க முடியாது. இப்போது பருத்தித் தலையணை உறையில் தளர்வாகப் போட்டு, அலமாரியில் தொங்கவிட்டிருக்கிறேன்.

பழைய கூடாரம் வாங்கலாமா?

தாராளமாக. ஒரே ஒரு பயணம் போய்விட்டு ஆசை தீர்ந்தவர்கள் பாதி விலைக்கு விற்கிறார்கள். படத்தைப் பார்த்து வாங்காமல் நேரில் போங்கள். பையிலிருந்து எடுத்ததும் முதலில் முகர்ந்து பாருங்கள். மேலே சொன்ன நாற்றம் இருந்தால் விலை பேசாமல் திரும்பிவிடுங்கள். தரைத்துணியின் பூசிய பக்கத்தை விரலால் அழுத்தினால் ஒட்டக்கூடாது. கம்பிகளை ஒவ்வொரு இணைப்பிலும் இழுத்துப் பார்த்து, உள்ளே ஓடும் மீள்கயிறு தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தொய்ந்திருந்தால் மாற்றுவது எளிது, அதைச் சொல்லி ஐந்நூறு ரூபாய் குறைக்கலாம். பிறகு இருட்டறையில் கூடாரத்தை நிறுத்தி, வெளியே இருந்து விற்பவரை டார்ச் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே படுத்துக்கொண்டு பாருங்கள். ஓட்டைகள் நட்சத்திரம்போல் தெரியும். நான் வாங்கிய ஒன்றில் ஏழு தெரிந்தன. ஏழுக்கும் ஒட்டுத்துணி போட்டு, அதிலேயே மூன்று ஆண்டு தூங்கினேன்.